மெஷின் தெரிந்தவள்

டயாலிசிஸ் மெஷின் மறுபடியும் கத்தியது.

'புதுசு' என்று எல்லோரும் கூப்பிடும் புது நர்ஸ் வழக்கம்போல் திருதிருவென்று விழித்தாள்.

குழந்தைகள் வார்டில் பம்பரமாகச் சுற்றிய நர்ஸ் என்று சொல்லித்தான் அவளை இங்கே பயிற்சிக்கு அனுப்பினார்கள். வந்து மாதக்கணக்காகிறது. மெஷின் கத்தினால் இன்னமும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள்.

சீனியர் நர்ஸ்தான் எழுந்து போக வேண்டியிருந்தது. எல்லோருக்கும் அவள் அக்கா. ரத்தம் போகும் குழாய் கட்டில் கம்பியில் மடங்கிக் கிடந்தது. நீவிவிட்டுப் பொத்தானை அழுத்தியதும் சத்தம் நின்றது. இதைக்கூடவா ஊட்டிவிட வேண்டும் என்று எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

இந்த ஆஸ்பத்திரியில் மெஷின் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான். தெரிந்த மற்றவர்கள் வேலையை விட்டுப் போன பிறகு, புதுசு வரும்வரை வேறு யாருக்கும் பயிற்சி கொடுக்க நிர்வாகத்துக்கு மனசு வரவில்லை. அதனால் அக்காவுக்கு லீவு கிடையாது. காய்ச்சலோடு வந்திருக்கிறாள். அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கே மத்தியானம் வந்து ஊசி குத்தியிருக்கிறாள்.

இன்று மகளுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்துவிட்டது, உங்களைத்தான் கேட்கிறாள் என்று மாப்பிள்ளை காலையிலிருந்து போன் மேல் போன் போடுகிறார்.

புதுசு தனியாகச் சமாளிப்பாள் என்று அக்கா சொன்னால் அந்த நிமிடமே கிளம்பலாம் என்று மேட்ரன் சொல்லிவிட்டார். எந்த வாயால் சொல்வது? கட்டிலில் கிடப்பது ஓர் உயிர்.

அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டிலில் இருந்த மீசைக்காரர் வெகுநாளாக வந்துபோகும் நோயாளி. புதுசு வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கவலைப்படாம போம்மா. நீ சாப்பிடப் போற நேரத்துல இது கத்தினா அந்தப் பொண்ணுதான் சரிபண்ணுது. உன்னைவிட வேகம்."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

மெஷின் தெரிந்தவளின் கதி என்ன ஆகும் என்பதையும் புதுசு இத்தனை நாளாக அக்காவைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி வந்த புதுசு, அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"சொல்லிடாதீங்கக்கா. என் பாப்பா இன்னும் பால் மறக்கல."

அவள் பின்னாலேயே மேட்ரன் வந்தார். என்ன முடிவு என்று கேட்டார்.

அக்கா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். புதுசு நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டாள் என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

புதுசு அழத் தொடங்கினாள்.

பொறுப்பு கிடைத்த சந்தோஷம் என்று நினைத்து, மேட்ரன் அவள் முதுகில் தட்டிக்கொடுத்தார்.