நாற்பது காலித் தட்டுகள்

மூன்று நாள் மழை ஓய்ந்த மத்தியானம். வேங்கிக்காலில், வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தவர்களைத் தங்க வைத்திருக்கும் கல்யாண மண்டபத்தில், கரண்டி அண்டாவின் அடியைச் சுரண்டுகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் வரிசையில் பேச்சு நின்றுபோகிறது. வந்த எலுமிச்சை சாதம் தீர்ந்துவிட்டது. இன்னும் நாற்பது பேர் தட்டோடு நிற்கிறார்கள். மலையை மூடிய மேகத்தின் சாம்பல் வெளிச்சம் ஜன்னல் வழியே அந்தத் தட்டுகளின் மேல் விழுகிறது. "நாளைக்கு ஜாஸ்தி கேட்டிருக்கோம்," என்கிறார் பரிமாறும் ஜுபைர், யார் முகத்தையும் பார்க்காமல். மகளோடு முன்னால் நிற்கும் உண்ணாமலை தட்டைக் கீழே இறக்கவில்லை. "நேத்தும் இதையேதாங்க சொன்னீங்க." அவள் பார்வை மேசைக்கு அடியில் எடுத்துவைத்திருக்கும் இரண்டு பொட்டலங்களின் மேல் நிற்கிறது. "அது யாருக்கு?" "காலையிலேர்ந்து பாத்திரம் கழுவுறவங்களுக்கும்மா." பின்வாசலில் குண்டான் தேய்த்துக்கொண்டிருக்கும் ஃபராவின் கை நின்றுவிடுகிறது, ஆனால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. உண்ணாமலை குனிந்து ஒரு பொட்டலத்தை எடுக்கிறாள். தடுக்க நீண்ட ஜுபைரின் கை பாதியில் நிற்கிறது. "தொட்டுப் பாருங்க," என்கிறாள் தணிந்த குரலில். அவர் கையை இழுத்துக்கொள்கிறார். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, நூலை அறுத்து, இலையைப் பிரித்து மகளுக்கு ஊட்டுகிறாள். பிள்ளை மெல்லாமல் விழுங்குகிறது. வரிசை கலையவில்லை. இதுவரை ஜுபைரை முறைத்த கண்களெல்லாம் இப்போது அந்தப் பிள்ளையின் வாயை முறைக்கின்றன.