முப்பத்தாறு அடி

"கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரும்மா. மறுபடியும் நகர்த்திட்டியே?"

மேயர் டுவேன் இப்படிச் சொன்னதும், கவுன்சில் அறையில் இருந்த எல்லோரும் கர்ஸ்டனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் எதையும் தொடவில்லை. ஆனால் பெரிய திரையில், ஊர் வரைபடத்துக்குக் கீழே, நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கும் ஸ்லைடரின் குமிழ் முப்பத்தாறு அடியிலிருந்து முப்பத்தாறரைக்குப் போயிருந்தது. அவசரமாகப் பழைய இடத்துக்கே இழுத்துவிட்டாள்.

ஆற்றில் உறைந்த பனி உடைந்து வெள்ளம் வரும் பருவம். எத்தனை அடி தண்ணீர் வந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்று காட்டும் வரைபடம் அது. நகர அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கும் கர்ஸ்டன் நிரல் எழுதி உருவாக்கியது. வெறும் படம் மண்டையில் ஏறவில்லை, இழுத்துப் பார்க்கிற மாதிரி ஏதாவது வை என்று கேட்டதே மேயர்தான். பாலத்தடியில் நீர்மட்டம் அளக்கும் கருவி போன வாரமே பனியில் உறைந்து, கணினிக்கு அளவு அனுப்புவதை நிறுத்தியிருந்தது. அதனால் வானிலைக்காரர்கள் கணித்துச் சொன்ன முப்பத்தாறையே கையால் பதித்து வைத்திருந்தாள்.

முப்பத்தாறில் ஊர் தப்பிக்கும். முப்பத்தெட்டில் வில்லோ தெரு மூழ்கி, படத்தில் முழுக்க நீலமாகிவிடும். அந்தத் தெருவைக் காலி செய்யச் சொல்வதா வேண்டாமா என்பதற்குத்தான் இப்போது ஓட்டெடுப்பு. கர்ஸ்டனின் தங்கை கைக்குழந்தையோடு அங்கேதான் இருக்கிறாள்.

குமிழ் மறுபடி நகர்ந்தது. முப்பத்தேழு.

"உன் தங்கச்சி அங்க இருக்கான்னு ஊருக்கே தெரியும்," என்றார் டுவேன். "அதுக்காக எங்களுக்குப் பூச்சாண்டி காட்டாதே."

"சத்தியமா நான் இழுக்கல, டுவேன். நிரல்ல ஏதோ கோளாறு."

"நான் செஞ்ச லெமன் பார் இனிப்பைத் தின்ன கையோட மவுஸைப் பிடிச்சிருப்பா," என்றாள் கவுன்சிலர் அர்லீன். "பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டு அதுவே இழுக்குது."

அறை சிரித்தது. கர்ஸ்டனுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. குமிழைப் பின்னுக்கு இழுத்தாள். மவுஸைப் பிடுங்கி வேறொன்றை மாட்டினாள். நிரலைத் திறந்து மேலிருந்து படித்தாள். குறைந்த அளவு, அதிக அளவு, ஒரு தடவைக்கு எவ்வளவு நகர வேண்டும், நகர்ந்தால் படத்தை மாற்றி வரையும் பகுதி எல்லாம் சரியாகவே இருந்தன. இந்த ஸ்லைடரைச் சேர்க்காமலே இருந்திருக்கலாம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அதற்குள் முப்பத்தேழரை. இந்த முறை யாரும் கவனிக்கும் முன்பே முப்பத்தாறுக்கு இழுத்து, மவுஸை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டுவேனுக்குப் பொறுமை போய்விட்டது. வானிலைக்காரர்கள் சொன்னதே போதும், காலையில் பார்த்துக்கொள்ளலாம், மக்களைக் குளிரில் அலைக்கழிக்க வேண்டாம் என்று முடித்தார். காலி செய்ய வேண்டாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள்.

"கர்ஸ்டன், நீயும் ரெண்டு கையையும் மேல தூக்கு. ஓட்டுக்கில்ல, அந்த மவுஸை விட்டுத் தொலை."

தூக்கினாள். அறையில் ஒரு கைகூடக் கீழே இல்லை.

குமிழ் முப்பத்தெட்டைத் தாண்டிப் போய் நின்றது. வில்லோ தெரு நீலமானது.

கர்ஸ்டனின் பார்வை நிரலின் கடைசி வரியில் விழுந்தது. போன வாரம், கருவி உறைவதற்கு முன்னால் அவளே எழுதி, பிறகு அழிக்க மறந்துபோன வரி: பாலத்திலிருந்து அளவு வந்தால், குமிழை அங்கே கொண்டுபோய் வை.

"பாலத்துல பனி உடைஞ்சிடுச்சு," என்றாள், தூக்கிய கைகளை இறக்காமலே. "இவ்வளவு நேரமா நான் பின்னால இழுத்துக்கிட்டு இருந்தது ஆத்தை."