நூற்றைம்பது எண்ணும் வரை

உள்ளே விசில் ஊதியது.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஏழுமலை சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று எண்ணத் தொடங்கினான். கூட வந்தவர்களை மைதானத்துக்குள் விடவில்லை. சுவரோ ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு. ஒலிபெருக்கியில் இப்போதுதான் அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். இருநூற்றுப் பதினான்கு. அவன் மனைவி சங்கவி.

போலீஸ் வேலைக்கு நானூறு மீட்டர் ஓட வேண்டும். இரண்டரை நிமிடம். நூற்றைம்பது எண்ணுவதற்குள் வந்துவிட வேண்டும்.

எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். அடுத்த வருடம் என்றால் வயது தாண்டிவிடும்.

பத்தொன்பது. இருபது.

எல்லாம் அந்தப் பள்ளிக்கூட மைதானத்துப் பள்ளம் செய்த வேலை. ஐந்து நாளைக்கு முன்னால், காலைப் பயிற்சியில் வலது கால் அதில் மடங்கியது. நொண்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தாள்.

"டாக்டர்கிட்ட வேணாம் மாமா. மாவுக்கட்டு போட்டு உக்கார வெச்சிருவாரு. வீட்டுலயே பாத்துக்கலாம்."

அவனும் சரி என்றான். சரி என்றதோடு நின்றிருக்கலாம்.

அன்று அவனுக்குள் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்தது. ஒரு வருடமாக அவள் விழுந்து விழுந்து படித்தபோது அவனால் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட முடியவில்லை. எந்தப் பாடத்தில் எதைக் கேட்டாலும் பேந்தப் பேந்த விழிப்பான். பத்தாவது தாண்டாதவன். ஆனால் சூடு? சூடு அவனுக்கு அத்துப்படி. ஏழுமலை பன்னிரண்டு வருடமாக அடுக்குமாடி வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறான்.

ஈரத்துணியை நாலாக மடித்து, கரி போட்ட இஸ்திரிப்பெட்டியை அதன் மேல் ஓட்டி, ஆவி பறக்கும்போதே எடுத்து அவள் கணுக்காலில் வைத்தான். காலையில், மதியத்தில், சாயங்காலத்தில். நடுவில் புளியும் உப்பும் கொதிக்க வைத்துப் பற்று.

அவள் கூச்சத்தில் நெளிந்தாள். "காலைப் புடிக்காதீங்க மாமா. யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க?"

"பாத்தா பாக்கட்டும். என் பொண்டாட்டி காலு."

அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று.

வீக்கம் வற்றவில்லை. வற்றாததால் இன்னும் கொஞ்சம் சூடாக வைத்தான். அந்த மட்டித்தனத்தை என்னவென்று சொல்ல.

முந்தாநாள் மூன்றாவது மாடி ரேணுகா மேடம் துணி வாங்க வந்தார். தினமும் காலையில் ஷூ மாட்டிக்கொண்டு ஓடுகிறவர். வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சங்கவியின் காலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்ன ஏழுமலை, சுளுக்குன காலுக்குச் சூடா வைக்கிறீங்க? மொதல் ரெண்டு மூணு நாளைக்கு ஐஸ்தானே வைக்கணும். சூடு வெச்சா வீக்கம் ஏறுமே!"

அவன் கையில் துணி ஆவி பறந்துகொண்டிருந்தது.

மேடம் போன பிறகு சங்கவியிடம் கேட்டான். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படி மாமா தெரியும்?"

முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஓட்டப் பயிற்சி வீடியோ ஒன்று விடாமல் போனில் பார்க்கிறவள் அவள்.

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று அவள் சொல்லிவிட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஜூஸ் கடைக்கு ஓடிப் பை நிறைய ஐஸ் வாங்கி வந்தான். இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். வீக்கம் கொஞ்சம் தணிந்தது. ஓடுகிற அளவுக்குத் தணியவில்லை.

இன்று காலை வலது ஷூ ஏற மறுத்தது. கயிற்றை முழுக்க உருவிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் திணித்தாள். அவன் தரையில் உட்கார்ந்து கயிற்றைக் கோத்துவிட்டான்.

"நூத்தம்பது செகண்டுதான மாமா. எப்பிடியாச்சும் ஓடிருவேன்."

பஸ் படியில் இடது காலைத்தான் முதலில் வைத்தாள். அவன் பார்த்தும் பார்க்காதது போல் இருந்துவிட்டான்.

தொண்ணூற்றெட்டு.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கத்தினார்கள். "ஓடு! ஓடு!" யாரைச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். மகளை உள்ளே அனுப்பிவிட்டு, போனில் நேரத்தை ஓடவிட்டிருந்தார். ஏழுமலை அந்தப் பக்கம் திரும்பவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

இப்போது கடைசி வளைவுக்கு வந்திருப்பாள். வந்திருக்க வேண்டும். கடவுளே, வந்திருக்க வேண்டும்.

நூற்றுப் பத்து.

நூற்றுப் பதினொன்று.

அவன் கொஞ்சம் மெதுவாக எண்ண ஆரம்பித்தான்.

நூற்றுப் பன்னிரண்டு.

ஒவ்வொரு எண்ணுக்கும் இடையில் ஒரு மூச்சு விட்டான். பிறகு இரண்டு மூச்சு. யாரும் கேட்கப் போவதில்லை. அவளுக்குக் கொடுக்க அவனிடம் வேறு எதுவும் இல்லை.

விசில் மறுபடி ஊதியது. பெரியவர் போனைச் சட்டைப் பையில் போடும் சத்தம் கேட்டது.

"அவ்ளோதாம்பா. டைம் முடிஞ்சிருச்சு."

ஏழுமலை கண்ணைத் திறக்கவில்லை. அவன் இன்னும் நூற்று முப்பத்தொன்றில்தான் இருந்தான்.