ஏழாவது ஹாரன்

அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் என் தம்பி அமார்க்காய் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். இசை மேதையாம்.

பதினெட்டு வருடமாக அவன் பிழைப்பே இதுதான். டயர் ரிம்மை ஸ்பேனரால் தட்டுவான். சைலன்சருக்குள் வாயை வைத்து ஊதுவான். ஒருமுறை வேன் கதவைத் திறந்து திறந்து மூடியே பெர்லினில் பரிசு வாங்கினான். இங்கே அக்ராவில் அதே கதவை நான் நாளைக்கு இருநூறு தடவை அடித்துச் சாத்துகிறேன். திட்டுதான் கிடைக்கிறது.

எங்கள் பக்கம் டிரைவர் செத்தால் சங்கத்துக்காரர்கள் ஹாரன் அடித்துத்தான் வழியனுப்புவார்கள். ரப்பர் உருண்டையை அமுக்குகிற பழைய ஹாரன்கள். ஆளுக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சத்தம். அவரவர் முறையில் அமுக்கினால்தான் பாட்டு முழுசாகும்.

ஏழாவது ஹாரன் அப்பாவுடையது. அதை அவனிடம் கொடுக்கச் சொல்லிவிட்டாள் அம்மா. அப்பாவின் வண்டியை இன்றுவரை ஓட்டுகிறவன் நான்.

சங்கத் தலைவர் டெட்டே விரலை ஆட்டினார். "ஏய் வித்வான், உன் கோமாளித்தனத்தையெல்லாம் வெள்ளக்காரன்கிட்ட வச்சுக்க. உங்கப்பன் முறை வந்தா ஒரே அமுக்கு. அவ்வளவுதான்."

ஆறு ஹாரன்கள் வரிசையாக ஒலித்தன. அமார்க்காய் அமுக்கினான்.

சத்தமே வரவில்லை.

யாரோ சிரித்தார்கள். ஒரு ரப்பர் உருண்டையை அமுக்கத் துப்பில்லை, இவனெல்லாம் மேதை! எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

அடுத்த சுற்றிலும் ஏழாவது இடம் காலி. அதற்கடுத்ததிலும். அவன் நிறுத்தவில்லை. முறை தவறாமல், துளியும் பிந்தாமல், வெறும் காற்றை அமுக்கிக்கொண்டே இருந்தான்.

நான்காவது சுற்றில் சிரிப்பு நின்றது.

ஐந்தாவதிலிருந்து, அந்தக் காலி இடம் வரும்போதெல்லாம் அம்மா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வருகிற வாசல். டெட்டே தொப்பியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் முடிந்ததும் அமார்க்காய் ஹாரனை என் கையில் கொடுத்தான். ரப்பரின் அடியில் நீளமாக ஒரு கீறல். புதுசு.

"அண்ணே, பிளேடு இன்னும் உன் சட்டைப் பையிலயே கெடக்கு. கை பத்திரம்."

இன்று அந்தக் காலி இடம் விட்ட பாட்டுதான் அவனுடைய மிகப் புகழ்பெற்ற படைப்பு. டோக்கியோ வரை வாசித்துவிட்டான்.

நோட்டீஸில் இயற்றியவர் என்று அவன் பெயரை மட்டும் போட்டிருக்கிறார்கள். திருட்டுப் பயல்.