தண்ணீர் கொடுத்தவர்

செல்போன் திருடன் என்று சந்தையில் ஒருவனைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். கருவாடு வாங்க வந்த மாசிலாமணி, என்ன ஏது என்று கேட்காமல், பின்னாலிருந்து கையை நீட்டி அவன் தலையில் ஓங்கி ஒன்று வைத்தார். சற்று நேரத்தில் அந்த போன் தக்காளிக் கூடைக்குள் ஒலித்தது. கூட்டம் சத்தமில்லாமல் கலைந்துபோனது. மாசிலாமணிக்கு மட்டும் கால் நகரவில்லை. டீக்கடையில் தண்ணீர் வாங்கி வந்து அவன் வாயிலிருந்த ரத்தத்தைக் கழுவிவிட்டார்.

“இத்தன பேர்ல நீங்க ஒருத்தர்தாண்ணே மனுசன்,” என்று அவன் அழுதான். “எம் பொண்டாட்டிக்கு இது ஒம்பதாம் மாசம். பையன் பொறந்தா உங்க பேரத்தான் வைப்பேன். பேரச் சொல்லுங்கண்ணே.”

அடித்ததைச் சொல்லிவிடத்தான் மாசிலாமணி வாயைத் திறந்தார். ஆனால், யார்மீதும் கைவைத்தறியாத தன் அண்ணனின் பெயரைச் சொன்னார்.

“செல்லையா.”

அவன் அதை மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.