நாலாம் பக்கம்

லீவில் ஓர் ஆங்கிலப் புத்தகம் படித்துக் கட்டுரை எழுதி வரச் சொல்லியிருந்தார் மிஸ். பாஸ்டர் மகள் பிளஸ்ஸி எழுதவில்லை. பள்ளி திறந்த அன்று வடசேரி பஸ் ஸ்டாண்டில் முப்ஷிராவிடம் கெஞ்சினாள்.

போன வருடமும் முப்ஷிராவைப் பார்த்துத்தான் எழுதினாள், முந்திக்கொண்டு கொடுத்தும்விட்டாள். திருட்டுப் பட்டம் கட்டி முழங்காலில் நிறுத்தப்பட்டவள் முப்ஷிரா.

ஆனாலும் நோட்டை நீட்டினாள். "வேகம் எழுது மக்கா, பஸ் வந்திரும்."

வகுப்பில், பிளஸ்ஸி கட்டுரையின் நாலாம் பக்கத்தில் மிஸ்ஸின் பேனா நின்றது. "சுபுஹு தொழுதுட்டு வாப்பாகிட்ட இந்தக் கதையச் சொன்னேன்னு எழுதிருக்க. பாஸ்டரு எப்பம்ட்டி வாப்பா ஆனாரு?"

வகுப்பே சிரித்தது.

"முப்ஷிராவப் பாத்து எழுதுனேன் மிஸ்."

முப்ஷிரா கொடுத்திருந்த கட்டுரையை மிஸ் எடுத்துப் பார்த்தார். அது வேறொரு புத்தகத்தைப் பற்றியது.

வராந்தாவில் முழங்காலில் நின்றவளிடம் முப்ஷிரா குனிந்து கேட்டாள்: "முட்டு வலிக்கா மக்கா?"