கவிழ்த்து வைத்த பாட்டில்கள்

“உங்க தங்கச்சி பண்ற வேலையைப் பார்த்தீங்களா? நான் வித்த பாட்டிலையெல்லாம் வீடு வீடாப் போய்த் திரும்ப வாங்குறாளாம்!”

கணவன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே கேட்டான். “எதுக்காம்?”

“எதுக்கா? வயித்தெரிச்சல்! நான் நாலு காசு பார்த்துடக் கூடாதே!”

இரண்டு பெட்டி ஸ்டீல் வாட்டர் பாட்டிலை மொத்த விலைக்கு எடுத்து, படுக்கையறை அலமாரிக்குக் குடோன் பதவி கொடுத்து, சொந்தக்காரர்களை எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில் இழுத்துப் போட்டு அவள் வியாபாரம் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. ஒரு குறையும் வரவில்லை. அடுத்துப் பத்துப் பெட்டி எடுக்க இருந்தாள். இந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுக்காரி இந்தச் சேதியைக் காதில் போட்டாள்.

நாத்தனார் ஒரு பாட்டில்கூட வாங்கவில்லை. போனால் போகிறது என்று இவள் விட்டிருந்தாள். இனி விடுவதாக இல்லை.

‘வீடு வீடாப் போய் என் வியாபாரத்தைக் கெடுக்கிற நாத்தனாருக்கு இங்க இடமில்லை’ என்று குரூப்பில் எல்லாரும் பார்க்க எழுதினாள். கையோடு அவளை நீக்கினாள். அப்படியும் ஆத்திரம் அடங்காமல் அவள் வீட்டுக்கே கிளம்பிவிட்டாள்.

கதவு திறந்துதான் கிடந்தது.

கூடம் முழுக்கப் பழைய செய்தித்தாள். அதன்மேல் இவள் விற்ற பாட்டில்கள் வரிசையாகத் தலைகீழாக நின்றன. பக்கத்தில் ஒரு கவர் நிறைய ரப்பர் வாஷர்.

“வாங்க அண்ணி.” நாத்தனார் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“என்ன கூத்து இது?”

“மூடியில வாஷர் சரியில்ல அண்ணி. சித்தி பேத்தியோட புஸ்தகமெல்லாம் நனைஞ்சு போச்சாம். உங்ககிட்ட நேரா சொல்லத் தயங்கிக்கிட்டு எல்லாரும் என்கிட்ட வந்து புலம்பினாங்க. அதான் வாங்கிட்டு வந்து மாத்தறேன். தண்ணி ஊத்திக் கவுத்து வச்சு ஒரு மணி நேரமாச்சு. பாருங்க, பேப்பர் நனையவே இல்ல.”

‘ஒவ்வொரு பாட்டிலையும் நானே தண்ணி ஊத்திக் கவுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகாது.’ விளம்பரத்தில் அப்படித்தான் எழுதியிருந்தாள். உண்மையில் ஒன்றின் உறையைக்கூட அவள் பிரித்ததில்லை.

நாத்தனாரை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே...”

“புதுசா ஆரம்பிச்சிருக்கீங்க, மனசு விட்டுடுவீங்களோன்னு பயம். அடுத்த லோடு எடுக்கறதுக்குள்ள சொல்லலாம்னு இருந்தேன்.”

“குரூப்ல நான் எழுதினதை... பார்த்தியா?”

“பார்த்தேன்.”

“பார்த்துமா உட்கார்ந்து இதைப் பண்ணிட்டிருக்கே?”

நாத்தனார் ஒரு மூடியில் வாஷரை அழுத்திப் பொருத்தினாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“அந்த மெசேஜை மட்டும் சீக்கிரம் அழிச்சிடுங்க அண்ணி. நீங்கதான் மாத்திக் கொடுக்கச் சொன்னீங்கன்னு சொல்லித்தான் எல்லார்கிட்டயும் வாங்கிட்டு வந்திருக்கேன். உங்களைத் தப்பா நினைச்சுடப் போறாங்க.”